ஈயப் பறவையின் விலை: ‘மால்டா வல்லூறு’ திரைப்படம் பற்றிச் சில குறிப்புகள்

துப்பறியும் கதை பற்றியும் அதன்வழிப் பிறந்த திரைப்படம் பற்றியும் எம்மிடையே வழங்கும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் அடங்குவன. இவை நசிவுப் பண்பாட்டின் விளைபொருள்கள். மக்களின் சிந்தனையை அன்றாட முரண்பாடுகளிலிருந்து வேறு திசைக்கு இழுத்துச் செல்வன. ஆதலின் ஆராய்ச்சிக்கு உரியன அல்ல என்பது ஒன்று. கமராக் கோணம், ஒளியமைப்பு, வசனச் செட்டு ஆகியவற்றை எடுத்துக்காட்டி, இவை தூய கலைப்படைப்புகள் என்று வியந்து நிற்பது மற்றது. முதலாவது நிலையை முற்போக்கு முகாமைச் சேர்ந்தோரும் இரண்டாவதை இரசனைவாதிகளும் மேற்கொள்ளுதல் வழக்கம். இரு சாராரும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர்: படம் எதைப் பற்றியது என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை.

அண்மையில் நண்பர்கள் அறுவர் கூடி, ஜோன் ஹியூஸ்டனின் நெறியாள்கையில் 1941ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த ‘மால்டா வல்லூறு’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்தோம். படம் ஓடியது ஏறத்தாழ நூறு நிமிடங்கள். அதன்பின் நிகழ்ந்த விவாதம் அதனிலும் பார்க்க நீண்டது. பொருளியல் கற்பிக்கும் நண்பர், ஹொலிவூட்டின் பெருங்கொம்பனி ஒன்று இலாபத்துக்காகத் தயாரித்த படத்தில் வர்க்க உள்ளடக்கம் தேடுவது வீண்வேலை என்றார். தொழிற்சங்க வேலைகளில் ஈடுபட்டுவரும் இன்னொருவர், மூலநாவலின் ஆசிரியரான டஷியல் ஹமெட் கம்யூனிஸ்ட் என்பதை நினைவூட்டி, ஆகவே படமும் முற்போக்கானதே என வாதிட்டார். நாவல் நூலாக வெளிவந்தது 1930இல். ஹமெட் கட்சியிற் சேர்ந்தது 1937இல். அது ஒருபுறம் இருக்க, ஆசிரியனின் கட்சி அட்டையைப் பார்த்துப் படைப்புக்குப் புள்ளி இடுவதும், தயாரிப்பாளனின் வங்கிக் கணக்கைப் பார்த்து அதனைத் தள்ளிவைப்பதும் விமர்சனம் செய்வதைத் தவிர்ப்பதற்கான வழிகளே அன்றி விமர்சனம் ஆகா.

எமது கருத்து இது: இப்படத்தின் பொருள் கொலையுமன்று, மர்மமுமன்று, பேரம். மனித உறவுகள் யாவும் பேரமாகிவிட்ட ஒரு சமூகத்தை அது பெருமளவு நேர்மையுடன் காட்டுகின்றது. அதேவேளை அச்சமூகத்தைத் தாங்கிநிற்கும் உழைப்பைக் கண்ணிற் படாமல் அகற்றிவிடுகின்றது. இறுதியில், தான் கண்டு காட்டியதைத் தானே கனவு எனக் கூறித் தப்பிக்கொள்கின்றது.

‘பிலிம் நுவார்’, அதாவது கறுப்புப் படம், என்ற பெயர் அமெரிக்கர் இட்டதன்று. ஜேர்மன் ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த பிரான்சுக்குப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படங்கள் வரவில்லை. விடுதலைக்குப் பின்னர், 1946இல், அவை ஒருசேரப் பாரிசுக்கு வந்தபோது நினோ பிராங்க் என்ற விமர்சகர் இப்படத்தையும் வேறு சிலவற்றையும் ஒன்றாக வைத்து நோக்கி அச்சொல்லை வழங்கினார். அன்றுமுதல் இவ்வகைப் படங்கள் பற்றிய எழுத்து நிழலைப் பற்றிய எழுத்தாகவே பெருகிவிட்டது. நாசிகளுக்குத் தப்பி வந்த கலைஞர்கள் பலர் ஜேர்மன் ஒளியமைப்பு மரபைத் தம்முடன் கொண்டுவந்தனர் என்பது உண்மையே. இப்படத்தில் ஜோயல் கெய்ரோவாக நடிக்கும் பீற்றர் லொறே 1933இல் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். ஆயினும் ‘மால்டா வல்லூறு’ அத்துணை இருண்ட படமன்று. ஆர்தர் எடிசனின் கமரா பெரும்பாலும் அறைகளுக்குள்ளேயே நிற்கின்றது. துப்பறிவாளனின் கந்தோர், ஹோட்டல் அறைகள், அவனது வீடு; அங்கே மனிதர்கள் கதிரைகளில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றனர். தாழ்ந்த கோணத்திலிருந்து கட்மனின் பருத்த வயிற்றையும் அதன்மேற் கிடக்கும் கடிகாரச் சங்கிலியையும் காட்டும் காட்சிகளை எல்லோரும் புகழ்வர். எமக்கோ, நிழல் எங்கு விழுகிறது என்பதிலும் பார்க்கப் பணம் எங்கே கைமாறுகிறது என்று கவனிப்பதே கூடிய பயன் தருவதாகத் தோன்றியது. எம்முள் ஒருவர் கடதாசித் துண்டு ஒன்றில் அதனைக் குறித்தும் வைத்தார்.

அக்குறிப்பின்படி படம் 200 டொலருடன் தொடங்குகின்றது. சான் பிரான்சிஸ்கோவில் ஸ்பேட், ஆர்ச்சர் என்னும் பங்காளிகள் இருவர் நடத்தும் துப்பறியும் நிலையத்துக்கு ஓர் இளம்பெண் வருகின்றாள். தங்கையைக் காணவில்லை என்று ஒரு கதை சொல்கிறாள். 200 டொலரை மேசைமீது வைக்கிறாள். பங்காளிகள் இருவரும் அக்கதையை நம்பவில்லை என்பதையும், அப்பணத்தையே நம்பினர் என்பதையும் ஸ்பேட் பின்னர் அவளிடமே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறான். அன்றிரவு ஆர்ச்சர் சுட்டுக் கொல்லப்படுகிறான். மறுநாள் ஸ்பேட் தன் செயலாளரிடம் இடும் கட்டளைகளுள் ஒன்று, கதவிலும் யன்னலிலும் இருந்து இறந்தவனின் பெயரை அழித்துவிட வேண்டும் என்பது. ஒரு காட்சி முன்னதாகத்தான் அவ்விரு பெயர்களின் நிழலும் அறைத்தரையிற் சேர்ந்து விழுந்ததை நாம் கண்டோம். அடுத்து அப்பெண்ணிடமிருந்து இன்னும் 500. பின்பு வாசனை பூசிய முகவரி அட்டையுடன் கெய்ரோ வருகிறான். கறுப்புப் பறவை ஒன்றை மீட்டுத் தந்தால் 5,000 தருவதாகக் கூறுகிறான். கூறியபின் கைத்துப்பாக்கியை நீட்டிக் கந்தோரைச் சோதனையிட முயல்கிறான். ஸ்பேட் அவனை அடித்து வீழ்த்தி, பின்னர் அவனிடமே 200 டொலர் முற்பணம் பெற்றுக்கொண்டு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறான். கொடுத்ததும் கெய்ரோ அதே துப்பாக்கியை மறுபடியும் நீட்டுகிறான். நாம் எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு வருவதற்குக் காரணம், ஒப்பந்தமும் வன்முறையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நாம் பழகியிருப்பதே. இங்கே அவை ஒன்றையொன்று தொடர்வன; ஒன்று முடியும் இடத்தில் மற்றது தொடங்குகின்றது.

கட்மன் வந்ததும் தொகைகள் பெருக்கின்றன. பறவை கைக்கு வந்தால் 25,000, பின்னர் இன்னொரு 25,000. அல்லது விற்பனையில் நாலிலொரு பங்கு. இறுதியிற் கடிதவுறையில் வருவது பத்து ஆயிரம்டொலர்த் தாள்கள். அவற்றுள் ஒன்றைக் கட்மன் கைக்குள் மறைத்துவைத்துவிட்டு, அப்பெண் திருடிவிட்டாள் என்று தோன்றச் செய்கிறான். ஸ்பேட் அதனைக் கண்டுபிடித்ததும் விளையாட்டு என்று சொல்லி நகைக்கிறான். பறவை போலி எனத் தெரிந்தபின் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது, ஸ்பேட் ஓராயிரத்தைத் தன் நேரத்துக்கும் செலவுக்குமாக எடுத்துக்கொள்கிறான். கொலைகள் நடந்த கதையொன்றில் இத்தகைய கணக்குச் சுத்தம் இருப்பது கவனத்துக்குரியது. கொலைகாரரும் துப்பறிவாளனும் ஒரே நாணயத்திற் பேசுகின்றனர், ஒரே சந்தையில் நிற்கின்றனர். சட்டத்தின் பக்கத்தில் நிற்பவன், சட்டத்துக்குப் புறம்பானவன் என்ற வேறுபாடு, குறித்த தொகையை எவரிடம் பெற்றான் என்ற வேறுபாடாகச் சுருங்கிவிடுகின்றது.

இனிப் பறவை. ஐந்தாம் சார்ள்ஸ் மன்னன் 1530இல் மால்டாத் தீவைப் புனித யோவான் சபை வீரர்களுக்கு வழங்கினான்; அதற்குக் குத்தகையாக அவர்கள் ஆண்டுதோறும் ஒரு வல்லூறு செலுத்தவேண்டும் என்பது ஏற்பாடு. அது உயிருள்ள பறவை, வேட்டைக்குப் பயன்படுவது. இவ்வளவும் வரலாறு. பொன்னும் மணியும் பதித்த சிலையொன்று அனுப்பப்பட்டது என்பது ஹமெட்டின் கற்பனை. படத்தின் தொடக்கத்தில் திரையில் ஓடும் எழுத்துகள் அவ்வீரர்களை டெம்பிளர் சபையினர் என்கின்றன. அச்சபை 1312இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. வோனர் சகோதரர் கொம்பனிக்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. எமக்கு முக்கியமானது அச்சிலையின் பயணம். நிலமானிய உறவில் அது திறைப்பொருள். கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையிலான ஆள்சார்ந்த கடப்பாட்டின் அடையாளம். வழியிற் கடற்கொள்ளையர் கவர்கின்றனர், கை மாறுகின்றது, அதன் மதிப்பை மறைக்கக் கறுப்பு எனாமல் பூசப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டுக்கு வரும்போது அதனை எவரும் கண்ணாற் கண்டு மகிழ விரும்பவில்லை. கட்மன் பதினேழு ஆண்டுகள் அதன் பின்னால் அலைந்தவன். அதன் அழகைப் பற்றி அவன் சொல்வது சிறிது; அதன் விலையைப் பற்றிச் சொல்வது பெரிது.

‘மூலதனம்’ முதலாம் தொகுதியில் மார்க்ஸ் பண்டத்தின் மாயை பற்றி எழுதிய பகுதியை இங்கு நினைவுகூராதிருத்தல் அரிது. மனிதருக்கு இடையேயுள்ள உறவு பொருள்களுக்கு இடையேயுள்ள உறவாகத் தோற்றங்கொள்வதை அவர் அங்கு விளக்கினார். ஆனால் பொருளியல் நண்பர் நியாயமான ஒரு தடையை எழுப்பினார். வல்லூறு தொழிற்சாலையிற் செய்யப்பட்ட பண்டமன்று. கூலி உழைப்பால் உருவானதன்று. அதனைப் பண்டம் என்பதிலும் பார்க்கப் புதையல் என்பதே பொருத்தம் என்றார். ஒப்புக்கொள்கிறோம். இத்தடை எம் வாசிப்பைச் செழுமைப்படுத்துகின்றது. கட்மன் தன் நீண்ட பேச்சில், அச்சபையின் செல்வம் கீழைநாடுகளிலிருந்து பல ஆண்டுகளாக வாரிக்கொண்டு வந்த மணிகள், உலோகங்கள், பட்டு, தந்தம் என்று வாய்விட்டுச் சொல்கிறான். கொள்ளையே செல்வத்தின் தொடக்கம் என்பதை அவன் மறைப்பதில்லை; தன் உரிமைக்கு அதனையே சான்றாகக் காட்டுகிறான். ஆதித்திரட்டல் பற்றி ஒரு ஹொலிவூட் பாத்திரம் இத்துணைத் தெளிவாகப் பேசுவது அரிது. கேட்பவன் இனிமையாகத் தலையசைக்கும் வண்ணம் சிட்னி கிறீன்ஸ்ட்ரீட் அதனைப் பேசுகிறார். மேடை நடிகரான அவருக்கு அறுபது வயது கடந்தபின் கிடைத்த முதற் படம் இது.

பறவை வந்து சேர்ந்ததும் கட்மன் பேனாக்கத்தியால் எனாமலைச் சுரண்டுகிறான். உள்ளே ஈயம். ஒரு கணம் நிலைகுலைகிறான். மறுகணம் இஸ்தான்புல்லுக்குப் பயணம் திட்டமிடுகிறான். பதினேழு ஆண்டுகளுடன் இன்னும் ஓராண்டு கூடினால் என்ன குறைந்துவிடும் என்பது அவன் கணக்கு. இவ்விடத்தில் படத்துக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். படப்பிடிப்புக்காக வார்க்கப்பட்ட ஈயச் சிலை ஒன்று 2013 நவம்பரில் நியூயோர்க்கில் ஏலம் விடப்பட்டது. அது நாற்பது இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. ஈயம் என்பதால் கதைக்குள்ளே வீசியெறியப்பட்ட பொருள், அதே ஈயம் என்பதால் வெளியே அவ்விலையைப் பெற்றது. எமது பொருளியல் நண்பர் இதனைக் கேட்டபின் சிறிது நேரம் பேசவில்லை.

படத்தின் மிகக் கொடுமையான காட்சி கொலைக்காட்சி அன்று. நிகழ்ந்த கொலைகளுக்கு எவனையாவது பொலிசாரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று ஸ்பேட் கூறுகிறான். கட்மனின் கூலிக் கொலைஞனான வில்மர் என்னும் இளைஞனைக் கொடுக்கலாம் என ஆலோசனை சொல்கிறான். கட்மன் முதலில் திகைக்கிறான். வில்மர் தனக்கு மகன்போன்றவன் என்கிறான். சற்று நேரத்தில் இணங்கிவிடுகிறான். ஒரு மகன் போனால் இன்னொரு மகனைத் தேடிக்கொள்ளலாம், மால்டா வல்லூறோ ஒன்றுதான் உண்டு என்ற கருத்தை, அதே வில்மருக்கு முன்னால், கவலை தோய்ந்த குரலிற் சொல்கிறான். குடும்ப உறவின்மீது போர்த்தியிருந்த உணர்ச்சித் திரையை முதலாளித்துவம் கிழித்தெறிந்தது என்று 1848இல் எழுதப்பட்டதை நாம் வகுப்பறைகளிற் பலமுறை விளக்கியிருக்கிறோம். இக்காட்சியிலே எலிஷா குக் என்ற அந்நடிகரின் கண்களைப் பார்த்தபோது அவ்விளக்கங்கள் மங்கிப்போயின.

இதுவரை கூறியவற்றால் படத்தை நாம் முழுமையாக ஏற்றுக்கொள்கிறோம் என்று கருதலாகாது. ‘தனியார் துப்பறிவாளன்’ என்னும் இம்மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதைப் படம் சொல்வதில்லை. ஏணஸ்ட் மண்டேல் 1984இல் வெளியிட்ட நூலில் குற்றக்கதையின் வரலாற்றை முதலாளித்துவ சமூகத்தின் வரலாற்றோடு இணைத்துக் காட்டினார். தாம் அக்கதைகளை விரும்பிப் படிப்பவர் என்பதையும் தயக்கமின்றிச் சொன்னார். எம்மவர் சிலர் அதனைக் கவனிக்கவேண்டும். ஆங்கிலேயத் துப்பறியும் கதையில் நாட்டுப்புற மாளிகையும் ஓய்வு நிறைந்த கனவானும் இருந்தனர். அமெரிக்காவில் அவ்விடத்துக்குச் சம்பளக்காரன் வந்தான். றேமண்ட் சாண்ட்லர் 1944இல் எழுதிய கட்டுரையில், கொலையை அதற்குரிய மனிதரிடமே ஹமெட் திருப்பிக் கொடுத்தார் என்ற கருத்துப்படப் பாராட்டினார். ஆனால் அச்சம்பளத்தை வழங்கியவர் யார் என்று சாண்ட்லர் கேட்கவில்லை.

ஹமெட் 1915இல் பிங்கர்ட்டன் துப்பறியும் நிலையத்திற் சேர்ந்து, இடையிட்டு இடையிட்டுச் சில ஆண்டுகள் அங்கு வேலை செய்தவர். அந்நிலையத்தின் வரலாறு அமெரிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றோடு இரத்தத்தாற் பிணைந்தது. 1892 யூலை மாதத்தில் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் நகரில், கார்னகி உருக்கு ஆலைத் தொழிலாளருக்கு எதிராக ஏறத்தாழ 300 பிங்கர்ட்டன் ஆட்கள் ஆயுதங்களுடன் படகுகளில் இறக்கப்பட்டனர். இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. மறு ஆண்டில் மத்திய அரசு இத்தகைய நிலையங்களின் ஆட்களை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்து அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. கருங்காலிகளுக்குக் காவல், சங்கங்களுக்குள் உளவு, ஆலை வாயிலில் துப்பாக்கி: தனியார் துப்பறிவாளன் என்ற தொழில் வளர்ந்தது இவற்றினூடாகவே. மொன்டானாவின் பியூட் நகரில் 1917இற் கொல்லப்பட்ட தொழிற்சங்கவாதி பிராங்க் லிட்டிலைக் கொல்லும்படி ஹமெட்டுக்கே பணம் தர முன்வந்தனர் என லிலியன் ஹெல்மன் எழுதியுள்ளார். ஆய்வாளர் சிலர் இதனை ஐயுறுவர். எமது வாதத்துக்கு அது வேண்டியதில்லை. ஹமெட் 1929இல் வெளியிட்ட ‘சிவப்பு அறுவடை’ நாவலிலே, வேலைநிறுத்தத்தை முறியடிக்கச் சுரங்க முதலாளி ஒருவன் கொண்டுவந்த குண்டர்கள் பின்னர் அந்நகரையே தமதாக்கிக்கொண்டனர் என்பது கதையின் அடித்தளம். அங்கே துப்பறிவாளனுக்குப் பெயர்கூட இல்லை. அவன் ஒரு கொம்பனியின் ஊழியன் மாத்திரமே.

அடுத்த ஆண்டின் ஸ்பேட்டுக்குப் பெயர் உண்டு, சொந்தக் கந்தோர் உண்டு, கொம்பனி இல்லை. கூலி ஊழியன் சிறு உடைமையாளனாகிவிட்டான். இம்மாற்றத்தைப் படம் இன்னும் ஒருபடி மேலே கொண்டுசெல்கின்றது. நாவலின் காலம் 1920களின் இறுதி. படமோ தன் கதையை 1941இன் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்த்துகின்றது. அத்துறைமுகத்தில் 1934இல் கப்பற்றுறைத் தொழிலாளர் மேற்குக் கரை முழுவதும் வேலைநிறுத்தம் செய்தனர். யூலை 5ஆம் நாள் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் அந்நகரில் இருவர் இறந்தனர். தொடர்ந்து நகரம் நான்கு நாட்கள் பொது வேலைநிறுத்தத்தில் நின்றது. ஏழே ஆண்டுகள் கழித்து ஹியூஸ்டனின் கமரா அதே துறைமுகத்துக்கு வருகின்றது. ஹொங்கொங்கிலிருந்து வந்த ‘லா பலோமா’ என்னும் கப்பல் அங்கு எரிகின்றது. தீயணைப்பதைக் காண்கிறோம். கப்பலைச் சுமையிறக்கும் ஒரு கையையேனும் காண்பதில்லை. பணம் ஓயாது கைமாறும் இப்படத்தில் எவரும் எதனையும் உற்பத்தி செய்வதில்லை. தொழிற்சங்க நண்பர் இவ்விடத்தில் எம்முடன் கடுமையாக முரண்பட்டார்: கப்பலில் வந்த பொட்டலத்தைப் பற்றிய கதையில் துறைமுகத் தொழிலாளியைத் தேடுவது, சிந்துபாத் கதையில் கடற்படைச் சம்பளப் பட்டியலைத் தேடுவது போன்றது என்றார். நல்ல நகைச்சுவைதான். ஆயினும் யதார்த்தம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு படத்தில் எது இடம்பெறவில்லை என்று கேட்பதற்கு எமக்கு உரிமை உண்டு.

இறுதிக் காட்சி பற்றியே விவாதம் மிகுதியும் சூடேறியது. ஆர்ச்சரைச் சுட்டவள், முதற்காட்சியில் 200 டொலரை வைத்த அப்பெண்ணே. அவளுடைய பெயர்களுள் பிரிஜிட் ஓஷோனசி என்பது உண்மையானது. ஸ்பேட் அவளைக் காதலிக்கிறான். காதலித்தும் பொலிசாரிடம் ஒப்படைக்கிறான். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கிறான். இதனை அறத்தின் வெற்றி என்பது வழக்கமான வாசிப்பு. அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் வேறொன்று தெரியும். பங்காளி கொல்லப்பட்டால் எதையாவது செய்தாக வேண்டும். துப்பறியும் தொழில் நடத்துபவர்கள் கொலைகாரனைத் தப்பவிட்டால் தொழிலுக்குக் கேடு. அவளைத் தப்பவிட்டால் அவள் அவனைக் கைக்குள் வைத்திருப்பாள். அவனும் அவளைக் கைக்குள் வைத்திருப்பான். இவை அறநூலின் மொழியல்ல. சிறு வணிகனின் மொழி. ஆர்ச்சரை அவனுக்குப் பிடிக்காது; ஆர்ச்சரின் மனைவியோடு உறவும் வைத்திருந்தவன். ஆயினும் தொழிலின் நம்பகத்தன்மை காப்பாற்றப்படவேண்டும். குட்டி முதலாளித்துவத் தனிமனிதன் தன் நேர்மையைக் காப்பது அவனிடம் விற்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே பொருள் அதுவென்பதால். ஹம்பிறி போகாட்டின் முகம், அக்கணக்கு எவ்வளவு வேதனையானது என்பதைக் காட்டுகின்றது. கணக்குத்தான் என்பதையும் மறைப்பதில்லை. தான் பெற்ற ஆயிரம் டொலர்த் தாளையும் அவன் இலஞ்சச் சான்றாகப் பொலிசாரிடம் கொடுத்துவிடுகிறான் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று.

எம்மிடையே இருந்த தோழி ஒருவர் இவ்விளக்கம் பாதியே என்றார். படத்தில் எல்லோரும் பொய் சொல்கின்றனர், ஸ்பேட்டும் சொல்கிறான், ஆனால் பொய்யை இயல்பாகவே உடையவள் என்று காட்டப்படுபவள் பிரிஜிட் மட்டுமே. கட்மனும் கெய்ரோவும் வில்மரும் கைதானதைப் பொலிசார் வாயாற் சொல்லக் கேட்கிறோம். பிரிஜிட்டைத்தான் மின்தூக்கியின் கம்பிக் கதவுக்குப் பின்னே நிறுத்தி, அக்கம்பிகளின் நிழலை முகத்தின்மேல் விழவிட்டு, மெல்ல மெல்லக் கீழே இறக்கிக் காட்டுகின்றனர். ஆண்கள் அனைவரும் சேர்ந்து நடத்திய சந்தையின் குற்றம் ஒரு பெண்ணின் முகத்தில் எழுதப்படுகின்றது என்றார் அவர். நிழல் பற்றிய எழுத்தை மேலே நாம் இலேசாகத் தள்ளினோம். இந்த ஒரு நிழலைப் பொறுத்தவரை அவர் சொன்னதுடன் சேர்ப்பதற்கு எம்மிடம் ஒன்றுமில்லை.

நாவலோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். ஹியூஸ்டன் மூலத்தை ஏறத்தாழ வரிக்கு வரி பின்பற்றினார் என்பது புகழ்பெற்ற செய்தி. இதே நாவல் 1931இலும் 1936இலும் படமாக்கப்பட்டு மறக்கப்பட்டது. 1941இன் வெற்றிக்கு இவ்விசுவாசமே காரணம் என்பர். எனினும் இரண்டு இடங்களில் விசுவாசம் தளர்கின்றது. நாவலில் ஸ்பேட் பிரிஜிட்டுக்கு ஒரு கதை சொல்கிறான். காணி விற்பனைத் தொழில் செய்த பிளிட்கிராஃப்ட் என்பவன் தெருவில் நடக்கையில், கட்டப்பட்டுவரும் கட்டடத்திலிருந்து உத்தரம் ஒன்று அருகே விழுகின்றது. ஒழுங்கானது என்று தான் நம்பிய வாழ்க்கை தற்செயலால் ஆனது எனக் கண்டு, அவன் குடும்பத்தையும் செல்வத்தையும் விட்டு மறைகிறான். சில ஆண்டுகளின் பின் வேறொரு நகரில், வேறொரு பெயரில், முன்னையதைப் போன்ற மனைவியோடும் முன்னையதைப் போன்ற வாழ்க்கையோடும் கண்டுபிடிக்கப்படுகிறான். உத்தரம் விழுந்தபோது அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டவன், உத்தரங்கள் விழாதபோது அதற்கேற்பவும் மாற்றிக்கொண்டான். நடுத்தர வர்க்க வாழ்க்கை பற்றி இதற்கு நிகரான இரண்டு பக்கங்களை நாம் அதிகம் வாசித்ததில்லை. படத்தில் இது இல்லை.

மற்றையது முடிவு. நாவலின் இறுதிப் பக்கத்தில் மறுநாட்காலை ஸ்பேட் கந்தோருக்கு வருகிறான். அவனை எப்போதும் நம்பிய செயலாளர் எஃபி, அவன் செய்தது சரியென்று தெரிந்தும், தன்னைத் தொடவேண்டாம் என விலகுகிறாள். பின்னர், ஆர்ச்சரின் விதவை ஐவா வெளியே காத்திருப்பதாக அறிவிக்கிறாள். அவ்வளவுதான். சரியானதைச் செய்தவனின் சரி, உழைத்துச் சம்பளம் பெறும் ஒரு பெண்ணின் உடலில் அருவருப்பாக எதிரொலிக்கின்றது. படம் இதனை அகற்றிவிட்டு, ஈயப் பறவையை ஏந்திய ஸ்பேட்டின் வாயில், ஷேக்ஸ்பியரின் ‘புயல்’ நாடகத்தை நினைவூட்டும் ஒரு வாசகத்தை வைக்கின்றது: பறவை கனவுகளாற் செய்யப்பட்டதாம். இரசனைவாதிகள் உருகும் இடம் இது. அழகான வாசகம் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அது ஈயம் என்பதைப் பேனாக்கத்தி ஏற்கெனவே காட்டிவிட்டது. பேராசையை மானிடத்தின் பொதுக்கனவு ஆக்குவதன்மூலம், அதற்குரிய காலமும் இடமும் வர்க்கமும் ஒரு வரியிற் கரைக்கப்படுகின்றன.

படத்துக்குப் பின் நிகழ்ந்தவையும் பேரத்தின் கதையே. 1946இல் ‘சாம் ஸ்பேட்’ வானொலித் தொடராயினான். ஹமெட் அதனை எழுதவில்லை. பெயரின் பயன்பாட்டுக்குப் பணம் மாத்திரம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் ஒலிபரப்பான கதையொன்றின் பெயர் எம் நாட்டு வாசகரை நிமிர்ந்து உட்காரச் செய்யும்: ‘கண்டிப் பல்’. கட்மனும் கெய்ரோவும் மீண்டும் தோன்றி, இம்முறை புத்தரின் புனித தந்ததாதுவைத் தேடி அலைகின்றனர். கீழைநாடுகளின் மணிகளையும் தந்தத்தையும் பட்டியலிட்ட கட்மனுக்கு அது பொருத்தமான அடுத்த இலக்குத்தான். நூற்றாண்டுகளாக மக்கள் வணங்கிவந்த ஒன்று, சவர்க்கார விளம்பரமும் கிரீம் விளம்பரமும் இடம்பெறும் வானொலி உலகில், அரைமணிநேரக் கதைக்கு ஏற்ற இன்னொரு கறுப்புப் பறவை ஆயிற்று. இலங்கை அப்போது பிரித்தானியக் குடியேற்ற நாடு.

1947இல் ஹியூஸ்டனும் போகாட்டும் வேறு கலைஞர்களுடன் வோஷிங்டன் சென்று, ஹொலிவூட் மீதான விசாரணையைக் கண்டித்தனர். சில மாதங்களில் போகாட் தாம் கம்யூனிஸ்ட் அல்லர் என்று சஞ்சிகையொன்றில் எழுதி ஒதுங்கிக்கொண்டார். ஹமெட் ஒதுங்கவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர்களுக்குப் பிணை வழங்கிய நிதியத்தின் பொறுப்பாளராக இருந்த அவர், அதற்குப் பணம் கொடுத்தோரின் பெயர்களைச் சொல்ல 1951இல் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதத் தண்டனை பெற்று ஏறத்தாழ ஐந்து மாதங்கள் சிறையிலிருந்தார். ஒரு காலத்திற் பிறர் பெயர்களைச் சேகரித்துக் கொடுக்கும் தொழில் செய்தவர் அவர். வானொலித் தொடர் அவ்வாண்டிலேயே நின்றது.

இதனிடையே வோனர் கொம்பனி வழக்கொன்று தொடர்ந்திருந்தது. 1930இல் 8,500 டொலருக்கு நாவலின் உரிமையை வாங்கியபோது சாம் ஸ்பேட் என்னும் ஆளையும் சேர்த்தே வாங்கிவிட்டதாகவும், ஆதலால் ‘கண்டிப் பல்’ போன்ற கதைகளில் அவன் தோன்றுவது தன் உடைமையைத் திருடுவதாகும் என்றும் அது வாதிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1954இல் இவ்வாதத்தை நிராகரித்தது. பாத்திரங்கள் கதைசொல்லும் ஆட்டத்தில் நகர்த்தப்படும் காய்கள் போன்றன. ஒரு கதையை விற்றவன் அவற்றையும் விற்றவனாகான் என்பது தீர்ப்பின் சாரம். ஸ்பேட் ஹமெட்டுக்குத் திரும்பிக் கிடைத்தான். ஹமெட் அவனை வைத்து எதுவும் எழுதவில்லை. அவர் முடித்த இறுதி நாவல் 1934இல் வெளிவந்தது; அவர் இறந்தது 1961இல்.